நைரோபியில் ஒட்டகச்சிவிங்கிக்கு ஊட்டப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

நைரோபிக்குக் குடிவந்து பல வருஷமாச்சு. ஊரிலிருந்து யார் வந்தாலும் இங்கே லங்காட்டா பகுதியில் இருக்கும் ஜிராஃப் சென்டருக்கு, அதாவது ஒட்டகச்சிவிங்கிக்கு நம் கையாலேயே ஊட்டும் இடத்துக்கு, கூட்டிப் போவது என் பொறுப்பு. விடுமுறை நெருங்குவதால் பலரும் அதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் கேள்விகளும் என் பதில்களும் இதோ.

அக்கா, என் மகளுக்கு நாலு வயசு. நாய் குரைச்சாலே என் இடுப்புல ஏறிக்குவா. இதுகிட்ட போவாளா?

ஊட்டுவதற்கென்று இருக்கும் மேடையில் ஏறினதும் பயப்படுவாள். அங்கே நாம் உயரத்தில் நிற்போம். அதனால் அதன் தலை நேரே நம் முகத்துக்கு எதிரே வந்து நிற்கும். என் மாமியாரே "அம்மாடி"ன்னு என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தவர்தான். முதலில் தள்ளி நின்று காட்டுங்கள். பிறகு நீங்கள் ஊட்டுங்கள், அவள் பார்க்கட்டும். தானாகக் கை நீட்டினால் சரி. போட்டோவுக்காகப் பிடித்துத் தள்ளாதீர்கள்.

கடிக்குமா? எப்படிக் கொடுக்கணும்?

மேல்தாடையில் முன்பல்லே கிடையாது, மாடு மாதிரி. ஆனால் கீழே முன்பல்லும் உள்ளே கடைவாய்ப் பல்லும் உண்டு; வாய்க்குள் விரலை விடாதீர்கள். அங்கே தரும் தீவன உருண்டையை ஒவ்வொன்றாக நீட்டுங்கள். நாக்கு முக்கால் கை நீளம், கிட்டத்தட்ட 45 செ.மீ., கருநீல நிறம். அது வளைந்து வந்து உருண்டையைச் சுற்றினதும் விட்டுவிடுங்கள், இழுத்துப் பிடிக்க வேண்டாம்.

கொடுப்பது போல் காட்டிவிட்டுக் கையைப் பின்னால் இழுக்கும் விளையாட்டு மட்டும் கூடாது. தலையாலேயே ஒரு முட்டு முட்டும். தீவனம் தீர்ந்தால் இரண்டடி பின்னால் வந்துவிடுங்கள். நெற்றியைத் தடவவும் போகாதீர்கள்.

உதட்டுல உருண்டையை வச்சு முத்தம் வாங்குற வீடியோ பார்த்தேன். செய்யலாமா? அதோட எச்சில் கிருமிநாசினியாமே?

முன்பெல்லாம் செய்தவர்கள் நிறைய. நான் செய்ததில்லை, பிள்ளைகளையும் விடமாட்டேன். கிருமிநாசினிக் கதையை வழிகாட்டிகளும் சொல்வார்கள். அதை நம்பிக் கை கழுவாமல் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள். எச்சில் கொழகொழவென்று இருக்கும். முள்ளோடு வேலமரத்து இலை தின்னும் வாய்க்கு அது தேவை, நம் சட்டைக்கு இல்லை. மாற்றுச் சட்டை ஒன்று எடுத்துப் போங்கள்.

வீட்டிலிருந்து கேரட், வாழைப்பழம்?

வேண்டாம். அசைபோடும் பிராணி, நாலு அறை வயிறு. பிரியமாகக் கொடுப்பதே வயிற்றைக் கெடுத்துவிடும்.

மைசூர் ஜூவில் மட்டும் ஏன் கொடுக்க விடுவதில்லை?

மைசூர் மட்டுமில்லை, வண்டலூரும் அப்படித்தான். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஜே பிரிவு, உயிரியல் பூங்காவில் பார்வையாளர்கள் விலங்குகளைச் சீண்டுவதோடு உணவு கொடுப்பதையும் தடை செய்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தை நினைத்துப் பாருங்கள், காரணம் புரியும்.

எல்லாம் ஒரே ஒட்டகச்சிவிங்கிதானே, இங்கே என்ன விசேஷம்?

முழங்காலுக்குக் கீழே பாருங்கள். புள்ளியே இல்லாமல், வெள்ளைக் காலுறை மாட்டினது போல இருக்கும். ராத்ஸ்சைல்ட் என்கிற வகை இது. 1970களில் மேற்குக் கென்யாவில் இவை வாழ்ந்த பண்ணை நிலம் கைமாறிப் போக, அங்கே 130 அளவில்தான் மிஞ்சியிருந்தன. ஜாக் லெஸ்லி-மெல்வில், அவர் மனைவி பெட்டி இருவரும் டெய்ஸி என்ற குட்டியை லங்காட்டா வீட்டுக்கே கொண்டுவந்து வளர்த்தார்கள். 1979இல் இதற்கென ஓர் அமைப்பு தொடங்கினார்கள். 1983இல் இந்த சென்டருக்குள் பொதுமக்களை விட்டார்கள். இங்கே பிறந்து வளர்ந்த குட்டிகளைக் காட்டுப் பகுதிகளில் கொண்டுபோய் விடுகிறார்கள். அதனால் நம் டிக்கெட் காசு வீண் இல்லை.

சுவாஹிலியில் இதற்கு "ட்விகா" என்று பெயர். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள், ஊழியர்கள் சந்தோஷப்படுவார்கள்.

எத்தனை மணிக்குப் போகலாம்?

காலை 9 மணிக்குத் திறந்ததும். பசியோடு தானே மேடைக்கு வரும். மத்தியானத்துக்கு மேல் எல்லோரும் ஊட்டி ஊட்டி வயிறு நிரம்பியிருக்கும். நாம் நீட்டிக்கொண்டே நிற்க, அது வேறு பக்கம் பார்த்து அசைபோடும்.

மேடைக்குக் கீழே பன்றி சுத்துதாமே?

வார்ட்ஹாக். கொம்பு மாதிரிப் பல் நீட்டியிருக்கும். சிந்தின உருண்டைக்காக வரும். உங்கள் மகள் கடைசியில் அதைப் பார்த்துத்தான் சிரிப்பாள், பாருங்கள்.