தம்பியைப் போலீசில் பிடித்துக் கொடுக்கலாமா?

ஹெராயினை விட்டு இரண்டு மாதம் கழித்துத் தம்பி மறுபடி தொட்டுவிட்டான், அப்பா பிடித்துக் கொடுக்கலாம் என்கிறார், போர்ச்சுகல் மாதிரி சட்டம் இருந்தால் தேவலை என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தை அப்புறம் பார்ப்போம். இந்த இடைவெளியில் அவன் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும். பழைய அளவையே எடுத்தால் மூச்சு அடங்கிவிடலாம். சிறையிலிருந்து வெளியே வந்த முதல் சில வாரங்களில் சாவு கூடுவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். அப்பாவிடம் இதை அவசியம் சொல்லுங்கள். உதடு நீலம் பாரித்து, உலுக்கியும் எழவில்லையென்றால் உடனே ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். ஹெராயின் அளவு மீறி மூச்சு அடங்கும்போது அதை மீட்கும் மருந்தான நலாக்சோனை வீட்டில் வைத்துக்கொள்ள வழியுண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஹெராயினுக்குப் பதிலாக டாக்டர் மேற்பார்வையில் தரும் மருந்துகளான மெத்தடோன், புப்ரெனார்பின் சிகிச்சை பற்றியும் கேளுங்கள். ‘ஒரு போதைக்கு இன்னொரு போதையா’ என்று சொந்தபந்தம் முணுமுணுக்கும், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அவை சாவைக் குறைப்பது நிரூபணமான விஷயம்.

சரி, போர்ச்சுகல். 2001 முதல் அங்கே சொந்த உபயோகத்துக்குப் பத்து நாள் அளவுவரை வைத்திருந்தால் கிரிமினல் வழக்கு இல்லை. ஆளை ஒரு குழுவின் முன் நிறுத்துவார்கள். விற்றால் இன்றும் குற்றம்தான். கூடவே சிகிச்சையையும் விரிவாக்கினார்கள். அதை மறந்துவிட்டுச் சட்டத்தை மட்டும் பேசுவது அரைகுறை வாதம் என்பேன்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது அப்பாவையும் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள்.