கண்ணை மூடினால் தூக்கம்தான் வருகிறது

கேள்வி: அம்மா, பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த வருஷம் எங்கள் கல்லூரியில் தினமும் முதல் பீரியடுக்கு முன் இருபது நிமிடம் தியான வகுப்பு. விடியற்காலையில் அப்பாவோடு மீன் ஏலத்துக்குப் போய்விட்டு வருவதால், கண்ணை மூடினால் தூங்கிவிடுகிறேன். தூங்காவிட்டால் வீட்டுக் கடன்தான் ஞாபகம் வருகிறது. 'உனக்கு மனசு அடங்கவில்லை' என்று எல்லோர் முன்னாலும் சொல்கிறார்கள். தியானம் எனக்கு ஒத்துவராதா?
- ஒரு மாணவர், காசிமேடு

பதில்: தம்பி, நான் பழைய வண்ணாரப்பேட்டையில் பொருளாதாரம் நடத்திய காலத்தில், ஒரு பையன் முதல் வகுப்பிலேயே கடைசி பெஞ்சில் தலை சாய்த்துவிடுவான். ஒருநாள் எழுப்பி நிற்க வைத்தேன். நோட்டை வாங்கிப் பார்த்தால், ஓரத்தில் மீன் செதில் ஒட்டிக் காய்ந்திருந்தது. அவனை நிற்க வைத்தது இன்றைக்கும் உறுத்துகிறது.

மூன்று மணிக்கு ஐஸ் பெட்டி தூக்கிய உடம்பு, கண்ணை மூடச் சொன்னால் தூங்கத்தான் செய்யும். உனக்கு முதலில் வேண்டியது தூக்கம். கல்லூரி விட்டு வந்ததும் ஒரு மணி நேரம் படு.

தியானம் வீண் என்று சொல்லமாட்டேன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 600-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. எட்டு வாரம் பயிற்சி எடுத்தவர்களுக்குத் தேர்வு நேரத்து மனஉளைச்சல் குறைவாக இருந்தது. ஆனால் அவர்கள் தாங்களாக விரும்பிச் சேர்ந்தவர்கள். பிரிட்டனில் பள்ளி வகுப்புகள் முழுவதற்கும் கற்றுக்கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில், வழக்கமான பாடத்தைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை என்று 2022-இல் சொன்னார்கள்.

மனசு அடங்கியே ஆகவேண்டும் என்பதும் இல்லை. துறைமுகத்தில் வலை சரிசெய்யும் பெரியவர்களைப் பார்த்திருப்பாய். ஏலக் கூச்சல் காதில் விழுந்துகொண்டே இருக்கும். நிமிர்ந்து பார்த்துவிட்டு, விட்ட கண்ணியிலேயே ஊசியைக் கோத்துவிடுவார்கள். கடன் நினைவு வந்தால் நீயும் அப்படியே மூச்சுக்குத் திரும்பி வா. கண்ணைத் திறந்து தரையில் ஓரிடத்தைப் பார்த்தபடி பத்து வரை எண்ணு. போதும்.

வகுப்பு எடுப்பவரிடம் தனியாகப் போய், நீ எத்தனை மணிக்கு எழுகிறாய் என்று சொல். அவருக்குத் தெரிந்திருக்காது. அப்புறம், நாள் கணக்கில் மனசு பாரமாகவே இருந்தால் 14416-க்குப் போன் செய். டெலி மனஸ், அரசின் இலவச மனநல உதவி எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

தேர்வு வாரத்தில் மட்டுமாவது வேறு ஆளைக் கூட்டிப்போகச் சொல்லி அப்பாவிடம் கேட்டுப் பார். கேட்கக் கூச்சமாக இருந்தால் இந்தப் பக்கத்தைக் காட்டு.