தம்பியின் பெயரை வெட்டலாமா?

அன்புள்ள அக்கா,

நாங்கள் கல்லடியில் பரம்பரைக் கத்தோலிக்கர். தம்பி மூன்று வருடமாக ஒரு சுயாதீன சபைக்குப் போய்வருகிறான். போன மாதம் முழுக்கு ஞானஸ்நானமும் எடுத்துவிட்டான். எங்கள் கோயிலின் நிர்வாகக் குழுவான பங்குச் சபைக் கூட்டத்தில் ஒருவர் எழும்பி, "அவருடைய பெயரைக் கோயில் புத்தகத்திலிருந்து வெட்டவேணும்" என்றாராம். தம்பியும் "வெட்டட்டும்" என்கிறான். அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. உண்மையிலேயே வெட்ட முடியுமா?

ஒரு வாசகி, கல்லடி

அன்புள்ள தங்கச்சி,

வெட்ட முடியாது. இதை முதலில் அம்மாவிடம் சொல்லி அவரைச் சாப்பிட வையுங்கள்.

கூட்டத்தில் எழும்பியவர் இரண்டு புத்தகங்களைப் போட்டுக் குழப்புகிறார். ஒன்று ஞானஸ்நானப் பதிவேடு. இன்ன நாளில் இன்னாருக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது என்று நடந்ததை எழுதி வைப்பது அது. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535ஆம் விதிப்படி ஒவ்வொரு பங்கும் அதைப் பேணவேண்டும். பிற்பாடு உறுதிபூசுதல், திருமணம், குருப்பட்டம் எது நடந்தாலும் அதே வரிக்குப் பக்கத்தில் குறிப்பார்கள். வேறு ஊரில் கலியாணம் என்றால் புதிதாக ஒரு பிரதி எடுத்து வா என்று கேட்பது அந்தக் குறிப்பைப் பார்க்கத்தான். நடந்ததை நடக்கவில்லை என்று ஆக்க எந்தப் பங்குச் சபைக்கும் அதிகாரம் இல்லை.

மற்றது குடும்பப் பதிவும் சந்தாக் கணக்கும். அதில் ஆள் வருவதும் போவதும் உண்டு. தம்பி விரும்பினால் அதிலிருந்து விலகலாம்.

என் சித்தப்பாவின் சாவு வீட்டில் இந்தக் குழப்பத்தின் கொடுமையைப் பார்த்தேன். இடம்பெயர்ந்து திரிந்த வருடங்களில் அவர் சந்தா கட்டவில்லை. பெட்டி வாசலில் இருக்க, சேமக்காலையில் குழி வெட்டவிடாமல் இரண்டு மணித்தியாலம் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சித்தி அப்போது நின்ற நிலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஜேர்மனியில் இருக்கும் என் மச்சாள் திருச்சபையை விட்டு விலகியவள். அங்கே வருமான வரியில் 8 அல்லது 9 சதவீதம் திருச்சபை வரியாகப் போகும். விலகுவதென்றால் அரச அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுக்கவேண்டும். 2022இல் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான கத்தோலிக்கர் அப்படி விலகினார்கள். அங்கேகூடப் பெயரை வெட்டுவதில்லை, விலகினார் என்று பக்கத்தில் ஒரு குறிப்பு மட்டும் எழுதுவார்கள்.

நம் இலங்கையில் அப்படி எங்கும் போய் எழுதிக் கொடுக்கத் தேவையில்லை. விரும்பிய மதத்தை ஏற்கும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை எல்லோருக்கும் தருகிறது. தம்பி யாருக்கும் குற்றவாளி இல்லை.

அவனிடம் ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில், முறைப்படி விலகிப் போனவர்களுக்குத் திருமண விதிகள் சிலவற்றிலிருந்து விலக்கு இருந்தது. 2009இல் பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட் அதை எடுத்துவிட்டார். ஆகவே அவன் நாளைக்குத் தன் சபையில் கலியாணம் முடித்துப் பதிவு செய்தால் நாட்டுச் சட்டப்படி அது செல்லும். ஆனால் நம் திருச்சபையும் அதை ஏற்கவேண்டும் என்றால் முன்கூட்டியே ஆயரிடம் அனுமதி பெறவேண்டும். அம்மாவுக்கு அது பெரிய விஷயமாக இருக்கும். அவனுக்கு வேண்டுமா என்பது அவன் முடிவு. அப்புறம், அவன் எப்போதாவது திரும்பி வந்தால் மறுபடி ஞானஸ்நானம் கொடுக்கமாட்டார்கள். முதல் எடுத்ததே போதும்.

எனக்குக் கோபம் வருவது ஒரு விஷயத்தில்தான். இந்த மூன்று வருடத்தில் பங்குச் சபையிலிருந்து யாராவது உங்கள் வீட்டுக்கு வந்து, "தம்பி, ஏன் வாறதில்லை?" என்று கேட்டார்களா? நீங்கள் எழுதவில்லை. வந்திருந்தால் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 2019 உயிர்த்த ஞாயிறன்று இங்கே சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகள் பலியானபோது மட்டக்களப்பு முழுவதும் அழுதது. அதுவும் தம்பி போவதுபோல ஒரு சுயாதீன சபைதான். அந்தச் சனத்தை "சபைக்காரர்" என்று தள்ளிப் பேச எனக்கு வாய் வராது.

இந்த ஞாயிறு பூசை முடிய அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாதரிடம் போங்கள். பதிவேட்டில் தம்பியின் வரியை ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர்களும் அதில் இருக்கும். முடிந்தால் தம்பியும் கூட வரட்டும்.

அன்புடன்,
அக்கா