ஆடு ஓட்டும் பிசிக்ஸ் கேமில் கடைசி இரண்டு ஆடு மட்டும் பட்டிக்குள் போக மாட்டேன் என்கிறது. கேம் ஏமாற்றுகிறதா?

20 ஆடு, நாலு நிமிஷம், 18 வரை சுலபமாகப் போய்விடுகிறது, கடைசி இரண்டு பந்து மாதிரி திசைக்கொன்றாக ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கேம் ஏமாற்றவில்லை. 18 ஆட்டை அவசரப்பட்டு உள்ளே விட்டீர்கள், அதுதான் வினை.

இந்த வகை கேம்களில் பலவற்றுக்கு அடிப்படை, கிரெய்க் ரெனால்ட்ஸ் 1986-ல் உருவாக்கி 1987-ல் கட்டுரையாக வெளியிட்ட 'பாய்ட்ஸ்' முறை. ஒவ்வொரு விலங்குக்கும் மூன்றே விதி: பக்கத்தில் இருப்பதை இடிக்காதே, பக்கத்தில் இருப்பது போகும் திசையில் போ, கூட்டத்தின் நடுவை நோக்கி நகரு. கேம் செய்பவர்கள் இதோடு நாலாவதாக ஒன்றைச் சேர்க்கிறார்கள்: விளையாடுகிறவர் கிட்டே வந்தால் ஓடு. உள்ளே போன ஆடு எண்ணிக்கையில் சேர்ந்ததும் பெரும்பாலும் கூட்டத்திலிருந்தே மறைந்துவிடும். 2009-ல் ப்ராப்பர் கேம்ஸ் செய்து கேப்காம் வெளியிட்ட 'ஃப்ளாக்!'கில் பறக்கும் தட்டை வைத்து ஓட்டுவோம். தாய்க்கப்பல் ஆட்டை உறிஞ்சி எடுத்துக்கொள்ளும். அதாவது 18 போனபின் மிச்சமிருக்கும் இரண்டை இழுக்கக் கூட்டமே இல்லை. மூன்றாவது விதி செத்துவிட்டது. பயம் மட்டும்தான் வேலை செய்கிறது.

அதனால் வாசலுக்குப் பத்துப் பதினைந்து ஆட்டு நீளம் முன்னாலேயே 20-ஐயும் ஒன்றுசேர்த்துவிடுங்கள். நாலு நிமிஷத்தில் இரண்டரை நிமிஷம் இதற்கே போகட்டும். 2014-ல் செம்மறிகளுக்கும் மந்தை ஓட்டும் நாய்க்கும் ஜிபிஎஸ் கட்டிப் பார்த்துச் செய்த ஆய்வு ஒன்று, நாய் செய்வதை இரண்டே வேலையில் முடித்தது: கூட்டம் சிதறியிருந்தால் விலகி நிற்பதைச் சேர், சேர்ந்திருந்தால் பின்னாலிருந்து தள்ளு. சிதறியிருக்கும்போது தள்ளுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு.

எவ்வளவு தூரத்தில் நிற்பது? முதல் லெவலில் ஒரு ஆட்டை நோக்கி மெதுவாகப் போங்கள். அது முதல் அடி எடுத்து வைக்கும் இடம்தான் பயவட்டத்தின் விளிம்பு. எத்தனை ஆட்டு நீளம் என்று கண்ணால் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் நின்றால் கூட்டமாகவே நகரும். வட்டத்துக்குள் பாதி தூரம் புகுந்தால் பயம் மற்ற மூன்று விதிகளையும் அமுக்கிவிடும், சிதறும். நகர ஆரம்பித்ததும் நின்றுவிடுங்கள், வேகம் குறையும்போது மறுபடி ஒரு அடி. நேர் பின்னால் ஒரே இடத்தில் நிற்காமல் பிறை மாதிரி வளைந்து இடமும் வலமும் போய்வர வேண்டும்.

சம்பா அறுத்த வயலில் வாத்து மேய்ப்பவரைப் பார்த்தால் இது உடனே புரியும். நீளக் கழி, நுனியில் கிழிந்த சாக்குத் துண்டு. அதால் ஒரு வாத்தைக்கூட அவர் தொடுவதில்லை. வரப்பின் மேல் இரண்டு எட்டு வைப்பார், சாக்கு ஒருமுறை தரையைத் தடவும், அப்படியே நிற்பார். முன்வரிசை வாய்க்காலில் இறங்கும், பின்வரிசை கழுத்தை நீட்டிக்கொண்டு தொடரும். கடைசி வாத்து இறங்கும்வரை அடுத்த எட்டு கிடையாது. இதே வாத்துகள் ரோட்டைக் கடக்கும்போது காரில் வருகிறவர்கள் ஹாரனை அழுத்தியபடியே நிற்கிறார்களே, அவர்களை என்ன சொல்ல? அரை நிமிஷத்தில் கடந்திருக்கும் கூட்டம் ரோட்டுக்கு இரு பக்கமும் பிரிந்து பத்து நிமிஷம் ஆகும். அப்புறம் வாத்துக்காரரைத் திட்டுவார்கள். இது கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அடுத்து வாசல் அடைப்பு. மூன்று ஆட்டு அகலத்துக்குக் குறைந்த வாசலில் உடம்புகள் தோளோடு தோள் முட்டி வில் மாதிரி நின்றுவிடும். பின்னால் அழுத்தினால் வில் இன்னும் இறுகும். ஒரு விநாடி பின்வாங்குங்கள், தானாக உடையும். பாறை, வைக்கோல் கட்டு எதையாவது தூக்கி வைக்க கேம் விட்டால், வாசலுக்கு முன்னால் கொஞ்சம் தள்ளி நடுவில் வையுங்கள். நிஜச் செம்மறிகளை வைத்து ஸ்பெயினில் செய்து 2015-ல் வெளியிட்ட சோதனையில் இப்படி வைத்தபோது அடைப்பு குறைந்தது. வாசலை ஒட்டியே வைத்தால் பலனில்லை. 'ஃப்ளாக்!'கில் செம்மறி நனைந்தால் சுருங்கும். சந்து குறுகலாக இருந்தால் முதலில் தண்ணீரில் இறக்கிவிட்டு ஓட்டுங்கள்.

பழைய லேப்டாப்பாக இருந்தால் நிழலையும் புல் அடர்த்தியையும் முதலில் குறையுங்கள். யூனிட்டி என்ற கேம் செய்யும் மென்பொருளில் செய்த கேம்களில் பிசிக்ஸ் கணக்கு, மாற்றாமல் விட்டால், 0.02 விநாடிக்கு ஒருமுறை நடக்கும். படம் திணறினால் ஒரே ஃப்ரேமில் பல கணக்கு ஓடி, கை அசைத்ததற்கும் ஆடு நகர்வதற்கும் சம்பந்தமே இருக்காது. கீபோர்டைவிட கன்ட்ரோலர் நல்லது, குச்சியைப் பாதி சாய்த்து மெதுவாக நடக்கலாம். கீபோர்டுதான் என்றால் அழுத்திப் பிடிக்காமல் தட்டித் தட்டி விடுங்கள்.

'நிஜ ஆடு இப்படியா நடக்கும்?' என்று கருத்துப் பகுதிக்கு வரப்போகிறவர்களுக்கு: எப்போதும் இப்படி நடக்காது. ராமநாதபுரத்திலிருந்து இங்கே வயல்களில் கிடை போட வரும் கீதாரி, அதாவது செம்மறி மேய்ப்பவர், முன்னால் போய்க் குரல் கொடுத்தாலே மந்தை பின்னால் வரும். நான் சொல்வது கேமுக்கு. எல்லா கேமும் பாய்ட்ஸ்தான் என்றும் சொல்லவில்லை. சின்னப் பிள்ளை விளையாட்டுக்கு இவ்வளவு கணக்கா என்பவர்கள் கடைசி லெவலை மூன்று நட்சத்திரத்தோடு முடித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

இவ்வளவும் செய்து இரண்டு ஆடு தங்கிவிட்டால் திறந்த வெளியில் துரத்தாதீர்கள். வேலி ஓரமாக ஒதுக்குங்கள். ஒரு பக்கம் வேலி, மறுபக்கம் நீங்கள், ஆட்டின் வாலுக்குச் சற்றுப் பின்னால் சாய்வாக, பயவட்டத்தின் விளிம்பிலேயே. வேலியைப் பிடித்தபடி வாசல்வரை வரும். அவசரத்தில் அதன் தலையைத் தாண்டிவிட்டால் திரும்பிவிடும், மறுபடி மூலையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.