திராட்சைத் தோட்டத்துக்கு 15,000 ரூபாய்க்குள் வானிலைக் கருவி: எதை வாங்கலாம்?

கேள்வி: சுருளிப்பட்டி பக்கம் 2 ஏக்கரில் பன்னீர் திராட்சை வைத்திருக்கிறேன். போன வருடம் சாரல் நேரத்தில் அடிச்சாம்பல் நோய் வந்து பிஞ்சுக் கொத்துகள் காய்ந்துவிட்டன. செல்போனைப் பார்த்தால் கம்பம் ஊரில் மழை என்கிறது, எங்கள் தோட்டத்தில் சொட்டு விழவில்லை. சில நாள் நேர்மாறாக நடக்கிறது. என் மகன் ஆன்லைனில் 8,000 ரூபாயிலிருந்து 60,000 ரூபாய் வரை வானிலைக் கருவிகளைக் காட்டுகிறான். 15,000 வரை என்னால் போட முடியும். எதை வாங்குவது? வாங்கினால் மருந்துச் செலவு குறையுமா?

பதில்: 15,000 ரூபாய் தாராளமாகப் போதும். ஆனால் ஒரே கம்பத்தில் எல்லாச் சென்சாரையும் சேர்த்து வைத்த கருவியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். படத்தில் அதுதான் அழகாகத் தெரியும், மகனுக்கும் அதுதான் பிடித்திருக்கும். பந்தல் திராட்சைக்கு அது ஒத்து வராது.

உங்களை வாட்டுவது அடிச்சாம்பல். ராத்திரியில் பந்தலுக்குள் ஈரப்பதம் 95 சதவீதத்துக்கு மேல் ஏறி நாலு மணி நேரம் நின்றால் இலையின் அடியில் வெள்ளையாக வித்து கட்டும். விடியும்போது இலை நனைந்திருந்து, வெப்பமும் 20 முதல் 25 டிகிரிக்குள் இருந்தால், புதுத் தொற்று உண்டாக இரண்டு மூன்று மணி நேரமே போதும். இலையின் மேல்பக்கம் எண்ணெய்ப் புள்ளி நம் கண்ணில் படுவதற்குள் நாலைந்து நாளாவது ஓடியிருக்கும். சாம்பல் நோய் என்பது வேறு நோய், அது அப்படியில்லை. அதற்கு இலை நனையவே வேண்டாம், மந்தாரமும் மிதமான சூடும் இருந்தால் வந்துவிடும். ஆகவே உங்களுக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியவை இரண்டே கணக்குகள். கடைசியாக மருந்தடித்த பிறகு எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது? பந்தலுக்குள் எத்தனை மணி நேரம் ஈரம் நின்றது?

மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை மாதிரி இலை மேல் படிந்து காக்கும் மருந்து, ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் மழையில் பாதி கழுவிப் போய்விடும், 50 மில்லிமீட்டரைத் தாண்டினால் பெரும்பகுதி போய்விடும் என்று வைத்துக்கொள்ளலாம். 4 மில்லிமீட்டர் சாரலுக்குப் பயந்து மறுநாளே மருந்து டேங்கைத் தூக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த 4 மில்லிமீட்டர் மருந்தைக் கழுவாது. ஆனால் அதே சாரல் ராத்திரி முழுக்கப் பிசுபிசுத்தால் 10 மணி நேரம் இலையை நனைத்து வைக்கும். கவாத்து, அதாவது கிளை வெட்டு, முடிந்து கொழுந்து ஓடும் நாட்களில், நேற்று விரிந்த இலையில் மருந்தே இருக்காது. ஆபத்து அங்கேதான். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் வீணாக அடிக்கும் மருந்து நிச்சயம் குறையும். ஈரம் விடாமல் நின்ற வாரத்தில் ஒரு முறை கூடுதலாக அடிக்கவும் நேரலாம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் வேலையாக, கையால் அளக்கும் சாதாரண மழைமானி ஒன்று வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். பேட்டரி இல்லை, வைஃபை இல்லை, கெட்டுப்போக எதுவும் இல்லை. அது வரும்வரை 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலில் வளைவில்லாமல் நேராக இருக்கும் ஒன்றை எடுத்து, தலையை வெட்டிப் புனலாகக் கவிழ்த்து வையுங்கள். மேடுபள்ளமான அடிப்பகுதியைக் கூழாங்கல்லும் தண்ணீரும் விட்டுச் சமன் செய்து, அந்த மட்டத்தில் ஸ்கேலின் பூஜ்யம் வருமாறு ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. தினமும் காலை 8.30 மணிக்கு எழுதுங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறை அந்த நேரத்தில்தான் 24 மணி நேர மழையைக் கணக்கெடுக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும். 1 மில்லிமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 1 லிட்டர், ஏக்கருக்கு 4,000 லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். சொட்டுநீரை எத்தனை மணி நேரம் நிறுத்தி வைக்கலாம் என்பதற்கும் இந்தக் கணக்கு உதவும்.

மழைமானியை வெட்டவெளியில் நட வேண்டும். பக்கத்தில் நிற்கும் எதுவானாலும், அதன் உயரத்தில் இரண்டு பங்கு தூரம் தள்ளி இருக்க வேண்டும். 6 அடிப் பந்தல் என்றால் 12 அடி, 40 அடித் தென்னை என்றால் 80 அடி. ஈரப்பதச் சென்சாரோ பந்தலுக்குள், கொத்து தொங்கும் உயரத்தில் இருக்க வேண்டும். வெளியே ஈரப்பதம் 80 என்று காட்டும் அதே நேரத்தில், அடர்ந்த பந்தலுக்குள் இலை சொட்டச் சொட்ட நிற்கும். ஒரே கம்பத்துக் கருவியைப் பந்தலுக்குள் வைத்தால் மழைக் கணக்கு பொய், வெளியே வைத்தால் ஈரக் கணக்கு பொய். அதனால்தான் மழைமானி தனியாகவும், வெப்பமும் ஈரப்பதமும் பார்க்கும் சென்சார் தனியாகவும் வரும் மாடலாகப் பார்க்கச் சொல்கிறேன். ஒரே டிஸ்ப்ளேயில் இரண்டையும் காட்டும் செட்டுகள் உங்கள் பட்ஜெட்டுக்குள் கிடைக்கின்றன. பல பிராண்டுகளில் விற்பவை ஒரே தொழிற்சாலைச் சரக்காகவும் இருக்கும். பெயரைப் பார்த்து விலை கொடுக்காமல், சென்சார் பழுதானால் அதை மட்டும் தனியாக வாங்க முடியுமா என்று கேளுங்கள். டேவிஸ் மாதிரி விலை கூடிய பிராண்டுக் கருவிகள் நீடித்து உழைக்கும், மறுக்கவில்லை. ஆனால் 2 ஏக்கருக்கு அந்தச் செலவு வேண்டாம்.

தானாக அளக்கும் மழைமானிக்குள் சீசா பலகை மாதிரி ஒரு குட்டிக் கிண்ணம் இருக்கும். ஒரு பக்கம் நிறைந்ததும் சாயும், ஒவ்வொரு சாய்வும் பெரும்பாலும் 0.2 அல்லது 0.3 மில்லிமீட்டர். என் தோட்டத்துக் கருவி ஒரு முறை ராத்திரி முழுக்க மழை கொட்டியும் பூஜ்யம் என்று காட்டியது. காலையில் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். கிண்ணத்துக்கும் சுவருக்கும் நடுவே நகத்தளவு சிலந்தி வலை, ஒரே ஒரு இழை கிண்ணத்தைப் பிடித்து வைத்திருந்தது. பக்கத்தில் கை மழைமானி இருந்ததால்தான் 31 மில்லிமீட்டர் என்று தெரிந்தது. இல்லாவிட்டால் மருந்து அப்படியே இருக்கிறது என்று நம்பி ஒரு வாரம் சும்மா இருந்திருப்பேன். மாதம் ஒரு முறை மூடியைத் திறந்து துடையுங்கள்.

வாங்கியதும் இரண்டு சோதனை செய்யுங்கள். மழைமானி வாயின் விட்டத்தை சென்டிமீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, பிறகு 0.785ஆல் பெருக்குங்கள். வருகிற எண் எத்தனையோ அத்தனை மில்லி தண்ணீர் விட்டால் கருவி 10 மில்லிமீட்டர் காட்ட வேண்டும். வாய் 11 சென்டிமீட்டர் என்றால் 95 மில்லி. மடமடவென்று ஊற்றாமல், பாட்டில் மூடியில் ஊசித் துளை போட்டுச் சொட்டவிடுங்கள். வேகமாக ஊற்றினால் கிண்ணம் கணக்கு விடும். பேய்மழையிலும் அப்படித்தான் குறைத்துக் காட்டும்.

ஈரப்பதத்துக்கு சமையல் உப்பு போதும். ஒரு மூடியில் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் ஈர மணல் பதத்துக்கு வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். அதையும் சென்சாரையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, வெயில் படாத அறையில் ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். உப்பு நீர் சென்சார் மேல் படக் கூடாது. காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால், அந்த இடத்தில் உங்கள் கருவி 5 குறைத்துச் சொல்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். மலிவுச் சென்சார்கள் 90க்கு மேல் இன்னும் தடுமாறும். அதனால் பந்தலுக்குள் 90ஐத் தாண்டிய மணி நேரத்தையெல்லாம் நனைந்த நேரமாகவே எண்ணிக்கொள்ளுங்கள். வருடம் ஒரு முறை இந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

சென்சாருக்குக் காற்றோட்டமுள்ள வெள்ளைத் தட்டுக் கூடு கட்டாயம். நேர் வெயில் பட்டால் வெப்பம் பல டிகிரி கூடிக் காட்டும். மோட்டார் ரூம் சுவரிலோ தகரக் கூரைக்கு அடியிலோ மாட்டவே கூடாது.

சிக்னல் விஷயத்திலும் ஏமாறாதீர்கள். பெட்டியில் 100 மீட்டர் எட்டும் என்று போட்டிருப்பது வெட்டவெளிக் கணக்கு. கம்பிப் பந்தலும் நனைந்த இலையும் நடுவே இருந்தால் எட்டுவது குறையும். அமெரிக்காவுக்கென்று செய்த 915 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை மாடல்களும் ஆன்லைனில் வருகின்றன. நம் நாட்டில் இந்த வகைக் கருவிகளுக்கு உரிமம் இல்லாமல் விட்டிருப்பது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை, கேட்டு வாங்குங்கள். வைஃபை மாடல்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் வேலை செய்யும். கரண்ட் போனாலும் பழைய கணக்கு அழியாத மாடலா என்பதையும் பாருங்கள். சிம் கார்டு போட்டு வருடச் சந்தா கேட்கும் கருவிகளும் உண்டு. 2 ஏக்கருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டிஸ்ப்ளேயில் மேகப் படமும் சூரியப் படமும் வரும், அதை நம்பி மருந்தடிக்காதீர்கள். காற்றழுத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை மட்டும் வைத்து அது படம் காட்டுகிறது. நம் பக்கம் அழுத்தம் தினமும் காலை 10, இரவு 10 மணி வாக்கில் ஏறி, மாலை 4, விடியற்காலை 4 மணி வாக்கில் இறங்கும். மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வரப்போகும் மழைக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மேகதூத் செயலியைப் பாருங்கள், செவ்வாய், வெள்ளி தோறும் வேளாண் ஆலோசனை வருகிறது. புற ஊதாக் கதிர் சென்சாருக்கெல்லாம் கூடுதல் காசு வேண்டாம். காற்றுமானி கூடவே வந்தால் சரி. மருந்தடிக்கும்போது காற்று மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டினால் நிறுத்திவிடலாம்.

வானிலையை வைத்து இழப்பீடு தரும் பயிர்க் காப்பீட்டுக்கு உங்கள் கருவியின் கணக்கு செல்லாது, அறிவிக்கப்பட்ட வானிலை நிலையத்தின் அளவுதான் அங்கே எடுபடும்.

அடுத்த கவாத்துக்கு முன்பே கை மழைமானியை நட்டுவிடுங்கள். சென்சாரைக் கவாத்து செய்த அன்றே பந்தலில் தொங்கவிட்டு, மழை, 90க்கு மேல் நின்ற மணி நேரம், மருந்தடித்த நாள், முதல் எண்ணெய்ப் புள்ளி கண்ட நாள் என நாலு பத்தி போட்டு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அறுவடை முடிந்ததும் அந்த நோட்டோடு ஆனைமலையான்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். உங்கள் தோட்டத்துக்கு எத்தனை மணி நேர ஈரத்தில் மருந்தடிக்க வேண்டும் என்பதை அதை வைத்து அவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம்.