மாலை நேரத்துக்கு மட்டும் ஓர் ஆள்

கேள்வி: எங்கள் மளிகைக்கடையில் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். ஆளுக்கு மாதம் 13,000 ரூபாய். மதியம் ஈ ஓட்டுகிறோம், சாயங்காலம் பில் போட வரிசை நிற்கிறது. பகுதிநேரமாக ஒருவரைச் சேர்த்தால் கட்டுப்படியாகுமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: ஆகும். முதலில் பில்லிங் கம்ப்யூட்டரில் இரண்டு வார பில்களை மணிவாரியாகப் பாருங்கள். அதில் மாதத்தின் முதல் வாரம் இருக்க வேண்டும், சம்பளம் வந்த கையோடு சாமான் வாங்க வருவது அப்போதுதான். நெரிசல் ஆறு மணிக்குத் தொடங்கினால் ஆளை ஐந்தரைக்கே வரச் சொல்லுங்கள்.

13,000-ஐ 26 நாளால் வகுத்தால் 500. எட்டு மணி நேரத்துக்கு மணிக்கு 62.50. நாலு மணி நேரத்துக்கு 250 என்று கணக்குப் போட்டால் ஆள் நிற்கமாட்டார். பஸ் செலவு அவருக்கும் முழுசுதானே? 300 கொடுங்கள், மாதம் 7,800.

இவர் பத்தாவது ஆள் என்பதை மறக்காதீர்கள். பத்துப் பேர் ஆனதும் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசு காப்பீடு வந்துவிடும். பகுதிநேர ஆளும் தலைக்கணக்கில் சேர்வார். உங்கள் பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம், பத்துப் பேருக்கும் சேர்த்து மாதம் 4,056 ரூபாய். பிறகு ஆள் குறைந்தாலும் விலக முடியாது. ஆக உண்மைச் செலவு 11,856. முழுநேர ஆள் என்றால் 17,225.

பில்லிங்கில் அவருக்குத் தனி லாகின் கொடுங்கள். கல்லாவை மாற்றும்போது இருவரும் சேர்ந்து எண்ணி எழுதட்டும். ஒரே லாகினில் இரண்டு பேர் உட்கார்ந்தால், இருநூறு ரூபாய் குறைந்த அன்று யாரைக் கேட்பது?

கேள்வி: சனி, ஞாயிறு மட்டும் ஒரு துணிக்கடையில் வேலை. சம்பளத்தில் இஎஸ்ஐ பிடிக்கிறார்கள். எனக்கு என்ன பயன்?
- வாசகி, ஈரோடு

பதில்: இஎஸ்ஐ மருத்துவமனையில் உங்களுக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு. நோய்க்கால உதவித்தொகையில்தான் சிக்கல். ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச் என்ற ஆறு மாதக் கணக்கில் 78 நாள் சந்தா இருந்தால்தான் அது கிடைக்கும். எண்ணுவது நாட்களை, மணி நேரத்தை அல்ல. வாரம் இரண்டு நாள் என்றால் 52தான் தேறும். வாரம் மூன்று நாள் போனால் 78 சரியாக வரும், ஒரு லீவு எடுத்தாலும் போச்சு. பேசி நான்கு நாளாக, நேரத்தைக் குறைத்து வாங்குங்கள்.

பேறுகால உதவித்தொகைக்கு முந்தைய இரண்டு ஆறுமாதங்களிலும் சேர்த்து 70 நாள் போதும். அது இப்போதே உங்களுக்கு எட்டும்.