மொழிபெயர்ப்பாளன் சொல்லாமல் விட்டது

மதிப்பிற்குரிய ஐயா,

நான் டெக்சஸில் செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உங்கள் கட்டுரைகளை அப்பா உரக்க வாசிப்பார். அதைக் கேட்டுத்தான் எனக்குத் தமிழ் வாசிக்கும் ஆசையே வந்தது. இந்தக் கோடையில் எங்கள் சபையிலிருந்து பதினான்கு பேர் ஹோண்டுராஸின் மேற்கு மலைப்பகுதியில் ஓர் ஏழைக் கிராமத்துக்கு ஆறு வாரம் ஊழியத்துக்குப் போகிறோம். பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி, மருத்துவ முகாம், இரண்டு வீடுகள் கட்டுவது, ஓர் அனாதை இல்லத்தில் நான்கு நாள் என்பது திட்டம். பள்ளியில் இரண்டு வருடம் ஸ்பானிஷ் படித்திருக்கிறேன், பேச வராது. எங்களோடு மொழிபெயர்ப்பாளர் வருகிறார். செலவுக்கான பணத்தை உறவினருக்கும் சபையாருக்கும் கடிதம் எழுதி நாங்களே திரட்ட வேண்டும். என் மாமா, “அந்தப் பணத்தை அப்படியே அனுப்பிவிட்டால் என்ன? நீ எதற்குப் போக வேண்டும்?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அம்மாவுக்குப் பாதுகாப்பு பற்றிய பயம். ஏழைகளிடம் மதத்தைக் கொண்டுபோவதே தவறு என்கிறாள் தோழி. நான் போகலாமா? பணம் கேட்பது சரியா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உன் வயதில் எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். ‘நீங்கள்’ என்று எழுதக் கை வரவில்லை, ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். இரண்டு முறையும் ஒரே இடத்தில் நின்றுவிட்டேன். “எங்களோடு மொழிபெயர்ப்பாளர் வருகிறார்” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில். கொஞ்ச நாளாக நான் அந்த வேலையைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கோடையில் அந்த மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் நான்.

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். அம்மாவின் பயத்துக்கு மருந்து கிடையாது. தினமும் கூப்பிட்டுப் பேசு. தோழியிடம் வாதாட வேண்டாம். விசுவாசத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுப் போக யாராலும் முடியாது. ஆனால் மருந்துக்கு வரிசையில் நிற்பவரிடம் முதலில் ஜெபத்தை நீட்டாதே. மருந்தைக் கொடு. அவராக உட்கார்ந்து பேச விரும்பினால் பேசு.

மாமா கேட்டது நியாயமான கேள்வி. 1998 அக்டோபர் இறுதியில் மிட்ச் சூறாவளி ஹோண்டுராஸைச் சின்னாபின்னமாக்கிப் போட்டது. 5,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகு வட அமெரிக்கத் திருச்சபைகளிலிருந்து அணி அணியாகப் போய் வீடு கட்டினார்கள். அந்த நாட்டிலேயே வாழ்ந்த கர்ட் வெர் பீக் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். விமானக் கட்டணம் எல்லாம் சேர்த்து, வெளியிலிருந்து வந்த குழுக்கள் கட்டிய வீடு ஒன்றுக்குச் சுமார் 30,000 டாலர் ஆகியிருந்தது. உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்பு சுமார் 2,000 டாலரில் கட்டிக்கொடுத்திருந்தது. குடியேறியவர்களின் வாழ்க்கையில், யார் கட்டினார்கள் என்பதால் பெரிய வித்தியாசம் எதையும் அவர் காணவில்லை. ஆகவே வீடு கட்டுவதற்கு என்று போனால் மாமா சொல்வதுதான் சரி. கொத்தனார்கள் அங்கேயே இருக்கிறார்கள், அவர்களுக்குக் கூலி வேண்டும். அவர்கள் கைகட்டி நின்று பார்க்க, செவிலியர் மாணவி சாந்து குழைப்பதில் என்ன ஊழியம் இருக்கிறது?

அனாதை இல்லத்துக்குப் போகாதே. இதில் எனக்குப் பொறுமை கிடையாது. நான்கு நாள் மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சி, ஐந்தாம் நாள் கையசைத்துவிட்டு வேனில் ஏறுவாய். அடுத்த மாதம் இன்னொரு குழு வந்து அதே பிள்ளையைத் தூக்கும். அந்தப் பிள்ளை எத்தனை முறை ஒட்டி எத்தனை முறை பிய்த்துக்கொள்ள வேண்டும்? மேலும், அனாதை என்ற சொல்லை அவ்வளவு எளிதில் நம்பிவிடாதே. 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் நிலநடுக்கம் நடந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், அமெரிக்கத் திருச்சபையினர் பத்துப் பேர் 33 பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி டொமினிக்கன் குடியரசுக்குள் கொண்டுபோக முயன்று எல்லையில் பிடிபட்டார்கள். விசாரித்தால், பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். நல்ல வாழ்வு கிடைக்கும் என்று நம்பி அவர்களே அனுப்பியிருந்தார்கள். போனவர்கள் ஜெபம் செய்துவிட்டுத்தான் போயிருந்தார்கள். அந்த நான்கு நாள் திட்டத்தை எடுத்துவிடச் சொல்லி உன் போதகரிடம் நேரில் பேசு. அவர் மறுத்தால், அந்த நான்கு நாளும் நீ கிராமத்திலேயே இருந்துகொள்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

எனக்குப் பத்தொன்பது வயது. கோடை விடுமுறையில் வெளிநாட்டிலிருந்து ஓர் ஊழியக் குழு வந்தது. எனக்கு ஆங்கிலம் வரும் என்பதால் தினக்கூலிக்கு மொழிபெயர்க்க அழைத்துக்கொண்டார்கள். யார் யாரோ போட்டுக் கழித்த மூக்குக் கண்ணாடிகளை அட்டைப் பெட்டிகளில் கொண்டுவந்திருந்தார்கள். ஊர் ஊராக முகாம் போட்டு, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, பொருந்துவதைக் கொடுப்பது வேலை.

ஒரு மதியம் ஒரு பாட்டி வந்து உட்கார்ந்தார். மூன்றாவது கண்ணாடியை மாட்டியதும் புருவம் விரிந்தது. இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, அதற்குள்ளிருந்து நான்காக மடித்த நீல நிற இன்லண்ட் கடிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். மடித்த கோடுகளில் தாள் நைந்திருந்தது. முகத்துக்கு நேரே பிடித்து வெகு நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: “எழுத்தெல்லாம் கறுப்பாக நன்றாகத் தெரிகிறது தம்பி. எனக்குத்தான் வாசிக்கத் தெரியாது. மகன் போட்ட கடிதம். வந்து இருபது நாளாகிறது. வாசித்துக் காட்டுகிற பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். இந்த அம்மா படித்தவர்கள்தானே, என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டுச் சொல்.”

எதிரில் இருந்த வெளிநாட்டுப் பெண் ஆவலோடு என்னைப் பார்த்து, “என்ன சொல்கிறார்கள்?” என்றார். பாட்டிக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். “நன்றாகத் தெரிகிறதாம். உங்களுக்கு நன்றி சொல்கிறார்கள்” என்றேன்.

அந்தப் பெண் கண் கலங்கிப் பாட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். புகைப்படம் எடுத்தார்கள். கட்டிப்பிடித்தவரின் தோளுக்கு மேலாகப் பாட்டி என்னைப் பார்த்தார், நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்பது போல. பிறகு கடிதத்தைப் பழைய கோடுகளிலேயே மடித்து, பைக்குள் வைத்து, சுருக்கை இழுத்துவிட்டு எழுந்து போனார்.

அந்தக் கடிதம் தமிழில் இருந்தது. எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

அன்று மாலை குழுவின் ஜெபக் கூட்டத்தில் அந்தப் பெண் பாட்டியைப் பற்றிச் சாட்சி சொன்னார். அதை உள்ளூர்ப் போதகருக்காக மொழிபெயர்த்தவனும் நான்தான். மறுநாள் முகாம் வேறு ஊருக்கு நகர்ந்தது. நானும் வேனில் ஏறிக்கொண்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வரிசை நீளமாக இருந்தது என்பது பாதிப் பதில். வந்தவர்கள் முகம் வாடக் கூடாது என்ற நினைப்பு மீதிப் பதில். கூலி கொடுப்பவர்கள் அவர்கள். அடுத்த வருடமும் வர வேண்டும். மகிழ்ச்சியான வாக்கியங்களை மொழிபெயர்த்தபோதெல்லாம் என் தோளில் தட்டினார்கள். உன்னோடு வரப்போகிற மொழிபெயர்ப்பாளரும் உங்கள் கூலிக்கு வருகிறவர்தான். நோயாளி ஐந்து நிமிடம் பேசி, அவர் அதை ஐந்து சொற்களில் சொன்னால், மீதி எங்கே என்று நீ கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதற்காவது உனக்கு அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும். மொழி தெரியாமல் போகிறவர் தான் கேட்க விரும்புவதைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறார், அதற்குக் கூலியும் கொடுத்துவிட்டு.

சீகன்பால்க் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். டென்மார்க் அரசர் அனுப்பிய ஜெர்மானிய மிஷனரி. பிரசங்கத்தை மொழிபெயர்க்க ஆள் வைத்துக்கொண்டு காலத்தைக் கடத்தியிருக்கலாம். அவரோ ஒரு வயதான உபாத்தியாயரைப் பள்ளிப் பிள்ளைகளோடு தன் இடத்துக்கே வரவழைத்து, அந்தப் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுத்துப் பழகினார். படித்த ஐரோப்பியர் ஒருவர் சிறுபிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்ததைத்தான் அவருடைய முதல் பிரசங்கம் என்று நான் நினைக்கிறேன். தமிழில் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது அதற்குப் பிறகுதான். இன்னொன்றும் நடந்தது. மொழி தெரிந்ததும் ஊராரின் தெய்வங்கள், நம்பிக்கைகள் எல்லாவற்றையும் கேட்டு 1713இல் ஒரு நூலே எழுதினார். ஜெர்மனியில் ஹாலே நகரில் இருந்த மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை, அச்சிட மறுத்துவிட்டார்கள். அது அச்சேறியது 1867இல், சென்னையில். ஊருக்குக் கொடுக்க வந்தவர் ஊரைக் கேட்கத் தொடங்கியதும் அனுப்பியவர்களுக்கு எரிச்சல் வந்தது. இது இன்றும் நடக்கிறது. உன் குழுவிலும் நடக்கலாம்.

நீ செவிலியர் மாணவி என்பதால் ஐடா ஸ்கடர் கதை உனக்குத் தெரிந்திருக்கும். நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ளக் கொஞ்ச காலத்துக்கு என்று அமெரிக்காவிலிருந்து வந்த பெண். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியருக்கு உதவக் கூப்பிட்டார்கள். ஆண் மருத்துவரான அவர் தந்தையை அழைத்துப்போக அவர்கள் சம்மதிக்கவில்லை. இவருக்கோ மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்தார்கள். ஞாயிறு பள்ளியில் இந்த இடத்தில் “அழைப்பு வந்தது” என்று சொல்லிப் பாட்டுப் பாட வைத்துவிடுவார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. அந்த இரவுக்குப் பிறகு அவர் திரும்பிப் போனார். வருடக்கணக்கில் படித்தார். 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கி, 1900இல் வேலூருக்கு வந்தார். 1909இல் செவிலியர் பயிற்சி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று இங்குள்ள பெண்களுக்கே கற்றுக்கொடுத்தார். உருகிய மனதோடு அடுத்த நாளே மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் கிளம்பியிருந்தால் இன்னும் மூன்று பேர் இறந்திருப்பார்கள்.

இவான் இல்லிச் என்ற கத்தோலிக்கக் குரு, மெக்சிகோவில் குவெர்னவாகா என்ற ஊரில் மிஷனரிகளுக்கு ஸ்பானிஷ் கற்றுக்கொடுக்கும் மையம் நடத்தினார். கோடைச் சேவைக்கு மெக்சிகோ போகும் மாணவர்களிடம் 1968இல் பேசும்போது, பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்றார். நான் அவ்வளவு கடுமையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் படிக்க வா என்று அவர் சொன்னதை உனக்கு நான் கெஞ்சிச் சொல்வேன்.

உன் வேதாகமத்தைத் திறந்து லூக்கா பத்தாம் அதிகாரத்தை வாசி. எழுபது பேரை இரண்டிரண்டு பேராக இயேசு அனுப்புகிறார். பணப்பை வேண்டாம், சாமான் பை வேண்டாம், செருப்பும் வேண்டாம் என்கிறார். ஏற்றுக்கொள்ளும் வீட்டிலேயே தங்கு, வீடு வீடாக மாறாதே, முன்னால் வைப்பதைச் சாப்பிடு என்கிறார். கொடுப்பதற்குக் கையில் எதுவும் இல்லாமல், அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு அந்த வீட்டாரை நம்பி இருக்கிறவர்களாக அவர்களை அனுப்பினார். பதினான்கு பேர், தனி வேன், தனிச் சமையல், பெட்டி பெட்டியாகச் சாமான் என்று போகும்போது அந்த அதிகாரத்தில் ஒரு வசனமாவது மிஞ்சுகிறதா, சொல்.

ஹோண்டுராஸின் மேற்கு மலைகளில் லென்கா மக்கள் வாழ்கிறார்கள். தங்கள் பழைய மொழியை இழந்துவிட்டார்கள், இன்று பேசுவது ஸ்பானிஷ். அதையாவது நீ ஒழுங்காகக் கற்றுக்கொண்டு போ. அமெரிக்கப் பள்ளியில் ‘நீ’ என்பதற்கு ‘தூ’ என்று சொல்லித் தந்திருப்பார்கள். அங்கே ‘வோஸ்’ என்பார்கள், மரியாதைக்கு ‘உஸ்தெத்’. எங்கே வலிக்கிறது என்று கேட்க “தோந்தே லே துவெலே” என்று கேட்க வேண்டும். அந்த ‘லே’யை விட்டு ‘தே’ போட்டுவிட்டால், பாட்டி வயதுள்ளவரை ‘உனக்கு எங்கே வலிக்கிறது’ என்று கேட்டதாகிவிடும். தமிழ் பேசி வளர்ந்த உனக்கு இதன் கனம் தெரியும். உன்னோடு வருகிற மற்றவர்களுக்கு நீதான் விளக்க வேண்டும்.

கோபான் ருயினாஸ் என்ற ஊர் அதே மேற்குப் பகுதியில் இருக்கிறது. வெளிநாட்டினருக்கு ஸ்பானிஷ் கற்றுத்தரும் பள்ளிகள் அங்கே உண்டு. ஒரு குடும்பத்தோடு தங்கவும் ஏற்பாடு செய்து தருகிறார்கள். ஆறு வாரத்தில் முதல் மூன்று வாரம் அங்கே போய் உட்கார். பிறகு கிராமத்துக்குப் போ. முகாமில் மருந்து கொடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் நிற்காதே. வெளியே வரிசையில் இருப்பவர்களோடு போய் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேள். யாராவது பையிலிருந்து ஒரு தாளை எடுத்தால், அது என்ன தாள் என்று கேள்.

பணம் கேட்கலாமா என்றாயே, கேள். ஆனால் உறவினருக்கு எழுதும் கடிதத்தில் ஏழைகளுக்கு உதவப் போகிறேன் என்று எழுதாதே. “மூன்று வாரம் ஸ்பானிஷ் கற்கவும், மூன்று வாரம் ஒரு கிராமத்தில் உட்கார்ந்து கேட்கவும் போகிறேன், இதற்குப் பண உதவி வேண்டும்” என்று எழுது. முதல் கடிதத்தை மாமாவுக்கு அனுப்பு. அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

அன்புடன்.